ஆடிக்கூழும் ஒரு கைப்பிடி மெழுகும்

பிரிக்பீல்ட்ஸில் குணபூசணியின் ஆடிக்கூழுக்குக் குறை சொல்ல ஆள் கிடையாது. கிள்ளானில் ஒருத்தி இருந்தாள். கூடப்பிறந்த தங்கை பூமணி. "அக்காவின்ர கூழ் தண்ணி" என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லி வந்தாள். சும்மா சொல்லவில்லை. கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று நாலு பேர் கூடும் இடமாகப் பார்த்து, அக்காவின் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு சொன்னாள்.

யாழ்ப்பாணத்து வழி வந்த வீடுகளில் ஆடி முதல் நாள் கூழ் காய்ச்சியே ஆகவேண்டும். வறுத்த அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பல்லில் கடிபடத் தேங்காய்ச் சொட்டு, கடைசியாக இனிப்புக்குப் பனங்கட்டி. பனங்கட்டிதான் கூழின் உயிர். பனையோலையில் பின்னிய, கைக்கு அடக்கமான குட்டானுக்குள் இறுகி, கறுத்த நிறத்தில் அது கப்பலேறி வந்த காலம் ஒன்று இருந்தது. அங்கே சண்டை மூண்ட பிறகு பனங்கட்டி வருவது நின்றுபோனது. குணபூசணி பாசாரில் குலா மலாக்கா என்கிற தென்னங்கருப்பட்டியை வாங்கிப் போட்டு ஒப்பேற்றினாள். தங்கை சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கே உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

குணபூசணி வரி அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் வல்லிபுரம் ரயில்வேக்காரர், காலமாகிப் பத்து வருடம். ஒரே மகன் சபாபதி ஒரு செம்பனை எண்ணெய்க் கம்பெனியில் இருந்தான். கம்பெனி அவனை வோல்கா நதிப் பக்கம் ஒரு மார்ஜரின் தொழிற்சாலைக்கு எண்ணெய் விற்க அனுப்பியது. எண்ணெயை விற்றான். அந்தத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டும் வந்தான்.

மருமகளின் பெயர் நூயா. பாஸ்போர்ட்டில் வலென்தீனா என்று இருக்கும். அது பாதிரியார் வைத்தது, நூயாதான் என் சனம் கூப்பிடும் பெயர் என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். குணபூசணி அக்கம்பக்கத்தில் "ருஷ்யாக்கார மருமகள்" என்று அறிமுகம் செய்தபோதெல்லாம் சிரித்த முகத்தோடு திருத்தினாள்: இருப்பது ருஷ்யாவில், ஆனால் நாங்கள் ருஷ்யர் இல்லை, எர்சியா, மொழி வேறு, சாமி வேறு. வேறொரு மாமியாராக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். குணபூசணிக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியோ போஸ்ட் ஆபீஸோ, எங்கே யார் தன்னை 'இந்தியன்' என்று எழுதினாலும் பேனாவைப் பிடுங்கி 'சிலோனீஸ்' என்று திருத்துகிறவள் அவள். தன்னைப்போல ஒருத்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் என்று அன்றைக்கே சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

அந்தச் சாமி சங்கதியை நூயா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே துண்டு துண்டாகச் சொல்லியிருந்தாள். பூமிக்கு ஒரு தாய், பெயர் மஸ்தோராவா. தண்ணீருக்கு ஒரு தாய், காட்டுக்கு ஒரு தாய். கோபுரம், மண்டபம் ஒன்றும் கிடையாது. ஊர் கூடி மரத்தடியில் கும்பிடுவார்கள். நடுவில் ஒரு பெரிய மெழுகுத்திரி எரியும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தேன்மெழுகு வாங்கி, உருக்கி, ஒன்றாக வார்த்த திரி. வருடா வருடம் எல்லா வீடும் அதில் மெழுகு சேர்க்கும், வருடத்துக்கு ஒரு வீடு அதைக் காவல் காக்கும். முதலில் பாதிரிமார் வந்து இது ஆகாது என்றார்கள். பிறகு கட்சிக்காரர்கள் வந்து பாதிரிமாரும் ஆகாது, இதுவும் ஆகாது என்றார்கள். முப்பதுகளில் வீடு வீடாகச் சோதனை நடந்தபோது, நூயாவின் குடும்பத்துப் பெண்கள் திரியை ஏழாக உடைத்து ஆளுக்கொரு கைப்பிடி ஒளித்துவிட்டார்கள். ஒருத்தி தேன்பெட்டிக்குள், ஒருத்தி மாவுப் பானைக்குள், ஒருத்தி கிணற்றுக் கல்லுக்குப் பின்னால்.

இப்போது கட்சி போய்விட்டது. ஐந்தாறு வருடமாக எர்சியா ஊர்களில் அங்கங்கே மறுபடி வெளியே வந்து கும்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். நூயாவின் ஊரில் இந்த ஜூலைக் கடைசியில் முதல் கும்பிடு. அறுபது வருடத்துக்குப் பிறகு. அவளுடைய பெரிய அத்தைதான் முன்னின்று நடத்துகிறவள். ஊரில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், புத்தகத்தைப் பார்த்துக் கட்டின சாமி என்கிறார்கள். வேண்டுதல் வரிகளைப் பழைய புத்தகத்தில் தேடி எடுத்தது நிஜம், சட்டைத் தையலை மியூசியத்தில் பார்த்து எடுத்ததும் நிஜம். மெழுகு ஒன்றுதான் எந்தப் புத்தகத்திலிருந்தும் வராதது. ஆறு துண்டு அத்தையிடம் வந்து சேர்ந்தாயிற்று. ஏழாவது துண்டு, கல்யாணத்தின்போது நூயாவின் கையில் கொடுத்தது, பிரிக்பீல்ட்ஸில் துணி அலமாரிக்குள் இருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வியாழக்கிழமை விமானத்தில் இடம் போட்டிருந்தாள்.

குணபூசணி இதையெல்லாம் அக்கறையாகக் கேட்டுத் தலையாட்டினாள். ஆனால் அந்தத் துண்டை அவள் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. வினை அங்கேதான் இருந்தது.

தொண்ணூற்றாறாம் வருடம் ஆடிப்பிறப்பு செவ்வாய்க்கிழமை வந்தது. முதல்நாள் மாலை, அலமாரிச் சுவரில் வெயில் ஏறி மெழுகு இளகுகிறது என்று நூயா அதை எடுத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான இடமான சமையலறை மேல்தட்டில், மைலோ டின்னுக்குப் பின்னால் வைத்தாள். மரப்பட்டையைக் கீற்றாகக் கிழித்துப் பின்னிய கையகலப் பெட்டி. உள்ளே அறுபது வருடம் கறுத்த மெழுகு. காலையில் குளித்து, திருநீறு பூசி, ஏலக்காய் எடுக்கக் கையை விட்ட குணபூசணியின் கையில் அந்தப் பெட்டி அகப்பட்டது.

பின்னிய கூடு. உள்ளே கறுத்துத் திரண்ட கட்டி. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி ஆடிப்பிறப்பு விடியலில் அதைப் பார்த்தால் வேறு என்னவென்று நினைப்பாள்? பனங்கட்டிக் குட்டான். சபாபதி அப்போது வேலையாகச் சண்டக்கானில் இருந்தான். யாரோ கொழும்பிலிருந்து வந்தவரிடம் வாங்கி, அம்மா எடுக்கட்டும் என்று பேசாமல் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தாள். பிள்ளை தன்னை நினைத்திருக்கிறானே என்று கண் கலங்கிவிட்டது.

ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சாமிக்குப் படைக்க வைத்ததை முன்னே ருசி பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. குலா மலாக்காவைக் கரைத்துவிட்டு, வாசத்துக்காகக் குட்டானை முழுசாகக் கவிழ்த்துத் தட்டினாள். கட்டி கரையாமல் வெகுநேரம் மிதந்தது. சண்டைக்காலத்துப் பனங்கட்டி, இறுகிப் போயிருக்கிறது பாவம் என்று சொல்லிக்கொண்டு அடுப்பைக் கூட்டினாள். தேனும் புகையும் கலந்த ஒரு மணம் வந்தது. அந்த மணத்தை அவள் பிறவியில் எந்தக் கூழிலும் முகர்ந்ததில்லை. பூமணி மோந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தாள்.

படைத்து முடித்து, தானும் ஒரு கோப்பை குடித்தாள். அண்ணத்தில் ஏதோ படிந்தது. தேங்காய்ப்பால் கனதி என்று எடுத்துக்கொண்டாள். பிறகு சுடச்சுட மூன்று தூக்குச்சட்டி நிரப்பினாள். ஒன்று பக்கத்து வீட்டுச் சிவசம்புவுக்கு. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், பெண்சாதி மகளைப் பார்க்க ஈப்போ போயிருந்தாள். ஒன்று தெருமுனையில் மாலை கட்டி விற்கும் இராஜம்மாவுக்கு. மூன்றாவது கிள்ளானில் பண்டமாரான் பக்கம் இருக்கும் பூமணிக்கு. இராஜம்மாவின் புருஷன் ஜெயராஜ் காலையில் கிள்ளானுக்குப் பூக்கூடை ஏற்றிப் போகும் வேனில் அது போனது. பூமணிக்கு அனுப்பியதை மட்டும் பானையின் மேல்பாகத்திலிருந்து, மினுமினுவென்று மிதந்ததாகப் பார்த்து வழித்து ஊற்றினாள். யாருடைய கூழ் தண்ணி என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

பத்து மணிக்கு நூயா டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். ஊருக்குக் கொண்டுபோக மாமியோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கு உடுத்தும் உடுப்பைப் போட்டுக்கொண்டாள். சிவப்பு நூலில் தையல் போட்ட நீளமான வெள்ளைச் சட்டை. இடுப்பில் புலாய் என்கிற ஒரு பட்டை. சங்கிலி, காசு, சோழி, மணி எல்லாம் தொங்க நாலு கிலோ இருக்கும். பெண் வருவது கண்ணில் தெரியும் முன் காதில் கேட்க வேண்டும் என்பது அவர்கள் ஊர் வழக்கமாம். ஜலக் ஜலக்கென்று சமையலறைக்குள் வந்தவள், பாத்திரம் கவிழ்க்கும் கூடையைப் பார்த்து நின்றாள். மரப்பட்டைப் பெட்டி அங்கே, கழுவி, கோப்பைகளோடு கோப்பையாகக் கவிழ்ந்திருந்தது.

"மாமி, இதுக்குள்ள இருந்தது எங்க?"

"பனங்கட்டிதானே பிள்ளை? கூழுக்குள்ள போட்டிட்டன்."

நூயா தரையில் உட்கார்ந்தாள். நாலு கிலோவும் சேர்ந்து உட்கார்ந்த சத்தம் சிவசம்பு வீடு வரைக்கும் கேட்டிருக்கும். பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் குணபூசணிக்கு விளங்கியது. அறுபது வருடம் போலீசுக்குத் தப்பியது, பாதிரிக்குத் தப்பியது, கிணற்றுக்கும் மாவுப்பானைக்கும் தப்பியது, கடைசியில் என் கரண்டிக்குத் தப்பவில்லையே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வரி அலுவலகத்தில் முப்பது வருடம் ஒரு தப்பு விடாதவள், ஒரு சனத்தின் சாமியைக் காய்ச்சிக் குடித்துவிட்டாள்.

நூயா திடீரென்று எழுந்தாள். பானையின் மூடியைத் திறந்து ஆள்காட்டி விரல் நகத்தால் கூழைத் தட்டினாள். டொக் என்றது. கூழின் மேல் மெல்லிய பழுப்பு நிறத் தட்டு ஒன்று, பானை வாயகலத்துக்கு, உறைந்து கிடந்தது. மார்ஜரின் தொழிற்சாலையில் எட்டு வருடம் இருந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"மெழுகு எப்பவும் மேலதான் வரும் மாமி. சாகாது. யாருக்கெல்லாம் குடுத்தீங்க, சொல்லுங்கோ."

உடுப்பை மாற்ற நேரமில்லை. இரண்டு பேரும் அப்படியே இறங்கி ஓடினார்கள். குணபூசணியின் கையில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா, நூயாவின் இடுப்பில் நாலு கிலோ. கொடுத்த கூழைத் திருப்பிக் கேட்டுப் போவதைவிட அவமானம் ஒன்று அந்த மனுஷிக்குக் கிடையாது. ஆனால் ஜலக் ஜலக்கென்ற அந்தச் சத்தத்தோடு ஓடும்போது அவமானப்படக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

சிவசம்பு கதவைத் திறந்தார், வாயைத் திறக்கவில்லை. கையால் வாயைக் காட்டினார், கண்ணை உருட்டினார். கூழின் மேல் படிந்ததைத் தேங்காய்ப்பால் ஆடை என்று ஆசையாக வழித்து மென்றிருக்கிறார். மேல் பல்செட்டும் கீழ் பல்செட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கின்றன. நூயா ஒரு கோப்பையில் வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு செட்டும் ஒரே துண்டாகக் கழன்று வந்து வெந்நீரில் விழுந்தன. சற்று நேரத்தில் மெழுகு தனியாக மேலே மிதந்தது. நூயா அதை வழித்து மூன்று தண்ணீரில் கழுவினாள். பொக்கை வாயோடு சிவசம்பு சொன்ன முதல் பேச்சு, இப்படி ஒரு கூழ் தன் ஆயுளில் குடித்ததில்லை, இன்னும் கொஞ்சம் இருக்குமா என்பதுதான்.

தெருவில் இறங்கியதும் கூட்டம் வழிவிட்டது. வெள்ளை உடுப்பு, சிவப்புத் தையல், கலகலக்கும் இடுப்பு, விரிந்த பொன்னிற முடி. சாமி வந்திருக்கிறது என்றே பலரும் நினைத்தார்கள். ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். இன்னொருத்தி மகளுக்கு எப்போது கல்யாணம் நடக்கும் என்று கேட்டபடி பின்னாலேயே வந்தாள். ஓடுகிற ஓட்டத்தில் நூயா, "அடுத்த வருசம் லா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய தமிழ் பாதி மாமியிடமும் பாதி இராஜம்மாவிடமும் படித்தது.

இராஜம்மா கெட்டிக்காரி. தூக்கைத் திறந்ததுமே தட்டு மாதிரி உறைந்திருப்பதைப் பார்த்து, தேன்மெழுகு என்று கண்டுபிடித்து, பெரிய இடத்து அம்மா கூழோடு மெழுகும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களே என்று மெச்சி, மாலை கட்டும் நூலுக்கு அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நூல் அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடியதாம். "நான் என்னாத்த கண்டேன் லா, ஆன்ட்டி தெரியாம குடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்று மிச்சத்தை எடுத்து நீட்டினாள். தேய்த்த நூலில் கட்டிய முதல் மாலை ஏற்கெனவே கோயிலுக்குப் போய் வேலில் ஏறிவிட்டது. குணபூசணி கோயிலுக்கே போய் அதைக் கழற்றி வாங்கவும் தயாராகத்தான் நின்றாள். நூயா ஒரு கணம் யோசித்துச் சிரித்தாள். முருகன் வேலில் இருப்பது இருக்கட்டும், அவரும் ஒரு வீட்டுக்காரர்தானே என்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் குணபூசணிக்கு மூச்சு வந்தது.

இனி மூன்றாவது தூக்கு. மெழுகில் பெரும்பாகம் அதில்தான் போயிருந்தது. தன் கையால் வழித்து வழித்து ஊற்றியது. ஜெயராஜ் திரும்பி வந்து நின்றிருந்தான். பூக்கூடைகளுக்கு நடுவே இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். வேன் ஹைவேயில் குலுங்கும் ஒவ்வொரு முறையும் நூயாவின் இடுப்பு ஒலித்தது, ஒவ்வொரு ஒலிக்கும் ஜெயராஜ் திரும்பிப் பார்த்தான். பூமணி அதைத் தூக்கி எறிந்திருந்தாலும் சங்கடம், எறியாமல் வைத்திருந்தாலும் சங்கடம்.

பூமணி எறியவில்லை. பண்டமாரான் வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேசையில், ஒரு பீங்கான் தட்டில் அந்த மெழுகு வட்டம் வலைமூடிக்குள் கொலு இருந்தது. கனத்த வட்டம், கைவிரல் தடிப்பு. சுற்றிலும் கோயில் மாதர் சங்கத்துப் பெண்கள் மூன்று பேர். இது என்ன, அக்காவின் கூழில் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கும் போட்டி வைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி சோப்பு என்றாள், ஒருத்தி சப்பாத்துப் பாலிஷ் என்றாள். சனிக்கிழமை கோயிலில் திருவிழா இருந்தது. அதுவரை அதை ஐஸ் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பதாகப் பூமணிக்கு உத்தேசம்.

ஜலக் ஜலக்கென்று நூயா உள்ளே வந்து நின்றாள். அவளே நடந்ததைச் சொன்னாள். ஏழு பெண்கள், ஏழு கைப்பிடி, அறுபது வருடம், வியாழக்கிழமை விமானம். மாதர் சங்கத்துப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். பூமணி நெஞ்சில் ஈரம் இல்லாதவள் அல்ல. ஆனால் இருபத்தாறு வருடம் காத்திருந்த சமயத்தைச் சும்மா விட்டுவிடுகிற அளவுக்கு ஈரம் உள்ளவளும் அல்ல. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தாறன். ஆனா அக்கா இவையளுக்கு முன்னால ஒருக்காச் சொல்லட்டும், ஆரின்ர கூழ் திறம் எண்டு."

குணபூசணி தங்கையைப் பார்த்தாள். மூன்று பெண்களைப் பார்த்தாள். சனிக்கிழமைக்குள் இது செந்தூல் முதல் சிரம்பான் வரை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு பக்கத்தில் நின்ற மருமகளைப் பார்த்தாள். நூயா காலிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்ர கூழ்தான் திறம் பூமணி. என்ர கூழ் தண்ணி. எப்பவும் தண்ணிதான்."

சொன்ன பிறகு பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. கூரை இருந்த இடத்தில் இருந்தது. பூமணிதான் தடுமாறிப்போனாள். இதைக் கேட்டால் என்ன செய்வது என்று இருபத்தாறு வருடத்தில் அவள் யோசித்ததே இல்லை போலிருக்கிறது. தட்டை நீட்டிவிட்டு, அவ்வளவு தண்ணியும் இல்லை அக்கா என்று முணுமுணுத்தாள். ஆனாலும் பூமணி பூமணிதான். திரியை ஏற்றும்போது அங்கே என்ன செய்வார்கள் என்று விசாரித்தாள். மெழுகு கொடுத்த ஒவ்வொரு வீட்டின் பெயரையும் அத்தை சத்தமாகக் கூப்பிடுவாள், ஊர் முழுக்க அதைத் திருப்பிச் சொல்லும் என்று நூயா சொன்னாள். அப்படியானால் எங்கள் நாலு வீட்டில் என் பெயர்தான் முதலில் வரவேண்டும், என்னிடம்தான் அதிகம் இருந்தது என்று பூமணி சட்டம் பேசினாள். குணபூசணி அதற்கும் சரி என்றாள்.

மாலையில் நாலு வீட்டு மெழுகையும் வெந்நீரில் உருக்கி, வழித்து, பெட்டிக்குள் ஊற்றினார்கள். ஆறியதும் பார்த்தால் மூடி மூடவில்லை. போனதைவிட அதிகமாக வந்திருந்தது. தேங்காய் எண்ணெய் மெழுகோடு கலந்துவிட்டது என்றாள் நூயா. ஆய்வுக்கூடத்தில் வைத்தாலும் இனிப் பிரிக்க முடியாதாம். அடியில் இரண்டு வறுத்த பயறும் ஒட்டியிருந்தன. குணபூசணி அவற்றைத் தோண்டி எடுக்கப் போனபோது, போனால் அதோடு கொஞ்சம் மெழுகும் போகும், விடுங்கோ என்று நூயா தடுத்துவிட்டாள்.

அங்கே போய் என்ன சொல்வாய் என்று குணபூசணி கேட்டாள். நடந்ததைச் சொல்வேன், ஏற்பதா வேண்டாமா என்று அத்தை முடிவு செய்வாள் என்றாள் நூயா. ஒன்றே ஒன்று கலப்படமில்லாத பழையது, அதிலும் கூழைக் கலந்து அனுப்புகிறோமே, சிரிக்கிறவர்கள் இன்னும் சிரிப்பார்களே என்று குணபூசணி கவலைப்பட்டாள். அவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டால் இந்தப் பெண் எந்த முகத்தோடு தன் வீட்டுக்குத் திரும்பி வருவாள்? கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தாள். வியாழக்கிழமை சுபாங் விமான நிலையத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"திரும்பி வருவியா பிள்ளை?"

"ரிட்டர்ன் டிக்கெட் மாமி" என்றாள் நூயா. இது பதிலா என்று குணபூசணி ஐந்து வாரம் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒருமுறை போன் வந்தது, ஹலோ சொல்வதற்குள் அறுந்தது. கோயிலுக்குப் போனால் கண் நேரே வேலுக்குத்தான் போகும். சமையலறையில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் போட்டாள்.

ஆகஸ்டு கடைசியில் நூயா வந்து இறங்கினாள், வெயிலில் சிவந்து, கை நிறையப் பொதியோடு. சபாபதியைக் கட்டிப்பிடிக்கும் முன் மாமியைக் கட்டிப்பிடித்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கேசட் இருக்கிறது, நாலு வீடும் சேர்ந்துதான் கேட்க வேண்டும் என்றாள். நல்ல ரேடியோ செட் பூமணி வீட்டில்தான் இருந்தது. மறுநாளே சிவசம்பு, இராஜம்மா, சபாபதி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஜெயராஜின் வேன் பண்டமாரானுக்குப் புறப்பட்டது.

கேசட்டில் முதலில் காற்று. பிறகு ஜலக் ஜலக் என்ற சத்தம், ஒன்றல்ல, நூறு. வயல் முழுக்கப் பெண்கள் நடந்து வருகிறார்கள் என்றாள் நூயா. திரியை ஏற்றியதும் வயல் பூராவும் தேங்காய் வாசம் அடித்திருக்கிறது. அங்கே யாரும் தேங்காயை முகர்ந்ததே இல்லை. இது என்ன வாசம், கெட்டுப்போய்விட்டதா என்று கூட்டத்தில் குரல் எழும்பியதாம். அத்தையிடம் முன்பே சொல்லியிருந்த கூழ் கதையை நூயா அங்கே எல்லோருக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள், பல்செட் உட்பட. சிரிக்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. இந்தத் திரியில் எந்தக் காலத்தில் ஒரு வீட்டு மெழுகு மட்டும் இருந்தது என்று அவர்களைக் கேட்டிருக்கிறாள். வருடா வருடம் புது வீடு சேர்ந்தால்தான் இது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அறுபது வருடமாக ஒரு வீடும் சேரவில்லை, இந்த வருடம் நாலு சேர்ந்திருக்கிறது என்றாளாம். அதன்பிறகு யாரும் புத்தகத்துச் சாமி என்று சொல்லவில்லை.

அடுத்துப் பெயர்கள். கிழவிக் குரல் ஒன்று ஓங்கிக் கூப்பிட்டது: பூமணி. கடல் தாண்டி, மலை தாண்டி ஒரு வயல் முழுக்க ஆணும் பெண்ணும் "பூமணி" என்று திருப்பிச் சொன்னார்கள். கிள்ளான் பூமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிவசம்பு வந்தது. இராஜம்மா வந்தது, இராஜம்மா பக்கத்தில் இருந்த ஜெயராஜைக் கிள்ளினாள். பிறகு குரல் நின்றது. காற்று மட்டும் கேட்டது. குணபூசணி மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றம் செய்தவள் பெயர் எப்படி வரும், வராதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"இருங்கோ மாமி, கடைசிப் பேருதான் பெரிய பேரு" என்றாள் நூயா. இந்த வருடம் திரியை யார் வீட்டில் காவல் வைப்பது என்பதைக் கடைசியில்தான் சொல்வார்கள். ஊர் வீடுகளுக்குப் பெரிய திரி. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கென்று முதன்முதலாக ஒரு கைப்பிடி வெட்டி எடுத்து, அதற்கும் ஒரு காவல் வீடு வைத்தார்களாம்.

"குணபூசணி" என்றது கிழவிக் குரல்.

குணபூசணி எழுந்து நின்றுவிட்டாள். பண்டமாரான் கூடத்தில், தங்கையின் ரேடியோ செட்டுக்கு முன்னால், கைகட்டி. வயல் முழுக்க அவள் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை நின்றாள். நூயா பையைத் திறந்து அந்த மரப்பட்டைப் பெட்டியை அவள் கையில் வைத்தாள். பாரமாக இருந்தது. மூடி சரியாக மூடியிருந்தது. கேசட்டில் அத்தை இன்னும் ஏதோ சொல்ல, ஊரே சிரித்தது.

"என்ன சொல்லுறா?" என்று பூமணி கேட்டாள்.

"பெட்டிய சமையலறையில வைக்காத எண்டு சொல்லுறா" என்றாள் நூயா.

சிவசம்பு பல்செட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குணபூசணி சிரித்து அழுது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கேசட்டைப் பின்னுக்கு ஓட்டச் சொன்னாள். மறுபடி ஒருமுறை. பிறகு இன்னும் ஒருமுறை. நாலாவது தடவை பூமணி, நாடா தேய்ந்துவிடும் அக்கா, என் பெயரும் அதில்தான் இருக்கிறது என்று செட்டை அணைத்துவிட்டுக் கூழ் எடுத்துவர உள்ளே போனாள்.